சாய்ந்து உட்கார்ந்தும் இடுப்பு வலிப்பது ஏன்?

திண்டுக்கல்லில் புது வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு வாங்க நினைக்கும் சாமான்களில் இப்போது ரிக்லைனரும் சேர்ந்துவிட்டது. கடையில் அதில் உட்கார்ந்து பார்த்தால் சுகமாகத்தான் இருக்கிறது. லீவரை இழுத்ததும் கால் மேலே எழும்புகிறது, முதுகு பின்னால் சாய்கிறது, மெத்தை உடம்பை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட கையோடு அதில் சாய்ந்து ஒரு முழுப் படம் பார்த்துவிட்டு எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கழுத்தும் கடுக்கிறது.

பலரும் சொல்லும் புகார் இது. கூடவே இன்னொரு கேள்வியும் எழும். மெத்தையே இல்லாத பழைய பிரம்பு ஈசிசேரில் தாத்தா மணிக்கணக்காகச் சாய்ந்து பேப்பர் படித்தாரே, அவருக்கு மட்டும் எப்படி வலிக்கவில்லை? பத்து நிமிடம் சுகம் தந்த நாற்காலி இரண்டு மணி நேரத்தில் வலி தருவது ஏன் என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது, எதை விடுவது என்பதும் தெளிவாகிவிடும். அதற்கு முதலில் நம் முதுகைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடுப்பெலும்பு உருளும்போது

நிற்கும்போது நம் முதுகெலும்பு நேர்க்கோடாக இருப்பதில்லை. கழுத்தில் உள்ளே வளைந்து, நெஞ்சுக்குப் பின்னால் வெளியே புடைத்து, இடுப்புக்கு மேலே மறுபடி உள்ளே வளைகிறது. பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே கையை வைத்தால் அந்தக் குழிவு தட்டுப்படும். இதைக் கீழ்முதுகின் உள்வளைவு என்று வைத்துக்கொள்வோம்.

உட்கார்ந்ததும் அந்த வளைவு குறைகிறது. தொடை உடம்புக்குச் செங்கோணமாக மடங்க வேண்டும். ஆனால் அந்த 90 பாகையில் ஏறத்தாழ 60 பாகையைத்தான் இடுப்பு மூட்டு தருகிறது. மீதியை இடுப்பெலும்பு பின்பக்கமாக உருண்டு ஈடுகட்டுகிறது. அது உருண்டால் அதன்மேல் நிற்கும் கீழ்முதுகு தன் வளைவை இழந்து தட்டையாகிறது. கூனி உட்கார்ந்தால் வெளிப்பக்கமாகவே புடைத்துவிடுகிறது.

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளைத்தான் டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள். ஒவ்வொரு வட்டும் ஒரு நுங்கு மாதிரி: வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். கீழ்முதுகு கூனும்போது வட்டின் முன்பக்கம் நசுங்குகிறது, உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. எலும்புகளைப் பின்புறம் பிணைக்கும் நார்கள் இழுபடுகின்றன.

பத்து நிமிடத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இழுக்கப்பட்ட நார் அந்த நொடியே நீண்டுவிடுவதில்லை. இழுப்பு நீடிக்க நீடிக்க, சிறுகச் சிறுக நீளுகிறது. இழுப்பை விட்டதும் உடனே பழைய நீளத்துக்குத் திரும்புவதும் இல்லை. வட்டும் அப்படித்தான், பாரம் ஏறிய நேரமெல்லாம் அதிலுள்ள நீர் மெல்லக் கசிகிறது. காலையில் எழுந்ததும் அளந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஒன்றிரண்டு செ.மீ. குட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த மெதுவான இளக்கத்துக்கு மெல்லிளக்கம் என்று பெயர் வைக்கலாம். கடையில் சோதித்துப் பார்க்கும் நேரத்தில் மெல்லிளக்கம் தொடங்கியிருக்கவே இருக்காது. அதனால் கடையில் கிடைத்த சுகம் மெத்தை எவ்வளவு மெதுமெதுப்பு என்பதைச் சொல்லும், முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது.

வட்டுக்குள் ஊசி

எப்படி உட்கார்ந்தால் வட்டுக்குப் பாரம் குறையும் என்பதை ஊகமாகச் சொல்லாமல் நேரடியாக அளந்தே பார்த்தவர், ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன். 1960களில் அவர் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள் அழுத்தத்தை அளக்கும் ஊசியைச் செலுத்தினார். எந்தத் தாங்கலும் இல்லாமல் உட்கார்ந்தால், நிற்பதைவிட வட்டில் அழுத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுவதாக அவருடைய அளவுகள் காட்டின. முன்னால் குனிந்தால் இன்னும் கூடியது. பின்னாலேயே வந்த ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1970களில் நாற்காலியின் முதுகைப் படிப்படியாகச் சாய்த்து அளந்தார்கள். சாய்வு கூடக் கூட அழுத்தம் குறைந்தது. கீழ்முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு தாங்கல் வைத்தால் மேலும் குறைந்தது.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் அவர் குழுவினரும் ஒரு தன்னார்வலரின் வட்டில் உணரியை வைத்து, ஏறத்தாழ ஒரு முழு நாள் அவர் செய்த எல்லாவற்றையும் அளந்து வெளியிட்டார்கள். நிற்கும்போது ஒரு சதுர செ.மீ. பரப்பில் சுமார் 5 கிலோ. சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது 4.6 கிலோ. மெத்தை நாற்காலியில் தளர்ந்து சரிந்து கிடக்கும்போது 2.7 கிலோ. மல்லாந்து படுத்தால் வெறும் 1 கிலோ. உட்காருவதா நிற்பதா, எது முதுகுக்கு அதிகப் பாரம் என்பதில் இந்த முடிவு நாக்கெம்சனோடு முரண்படுகிறது. ஒரே ஒருவரின் உடம்பில் எடுத்த அளவு என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் பின்னால் சாய்ந்தால் பாரம் குறையும் என்பதில் எல்லோருடைய ஊசிகளும் ஒன்றையே சொல்கின்றன.

அப்படியானால் சரிந்து கிடப்பதே நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. வட்டின் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் சரிந்து கிடக்கும்போது உள்வளைவு போய்விடுகிறது, பின்புற நார்கள் மணிக்கணக்கில் இழுபட்டுக் கிடக்கின்றன. பாரம் குறைய வேண்டும், வளைவும் கெடக்கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற கோணம் எது?

2006இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், உட்எண்ட் மருத்துவமனையில், 22 பேரை வெவ்வேறு விதமாக உட்கார வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். படுக்காமல் உட்கார்ந்தபடியே எடுக்கும் எம்.ஆர்.ஐ. அது. கூனி உட்கார்ந்தபோதும், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி விறைப்பாக 90 பாகையில் உட்கார்ந்தபோதும் வட்டுகள் இடம் பெயர்ந்தன. தொடைக்கும் முதுகுக்கும் இடையே 135 பாகை இருக்கும்படி பின்னால் சாய்ந்தபோதுதான் பெயர்ச்சி மிகக் குறைவாக இருந்தது. 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதந்த வீரர்களின் உடம்பு தானாக எடுத்துக்கொண்ட கோணம் சுமார் 128 பாகை. எந்தத் தசையும் எதையும் இழுக்காத நிலை அது. இன்று கடைகளில் ‘ஜீரோ கிராவிட்டி’ என்று விற்கப்படும் நிலைக்கு மூலம் இதுதான்.

நாகல் நகர்ப் பட்டறையில் அரமும் கையுமாகக் குனிந்து பூட்டுக்கு உருக் கொடுப்பவர் ஆனாலும், அலுவலகத்தில் கணினி முன்னால் கூனி இருப்பவர் ஆனாலும், பகல் முழுக்க முன்னால் வளைந்த முதுகுக்கு மாலையில் வேண்டியது இந்தத் திறந்த கோணம்தான். நல்ல ரிக்லைனர் வெறும் ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாய்கிற எல்லா நாற்காலியும் அந்தக் கோணத்தை ஒழுங்காகத் தருவதில்லை.

சாய்ந்தால் சரியும்

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தலை, கை, உடம்பு என்று இடுப்புக்கு மேலே இருப்பது சுமார் 40 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த 40 கிலோவும் இருக்கை மேல் நேராக இறங்குகிறது. முதுகை 30 பாகை பின்னால் சாய்த்தால் அதில் பாதி, ஏறத்தாழ 20 கிலோ அளவுக்கு, முதுகுச் சாய்மானத்தை அழுத்துகிறது. வட்டுக்குப் பாரம் குறைவது இதனால்தான்.

நாம் சாய்மானத்தை அழுத்தினால் சாய்மானமும் நம்மைத் திருப்பி அழுத்தும். அந்த அழுத்தத்தின் பெரும்பங்கு உடம்பை முன்னால் தள்ளுகிறது. இருக்கை தரைக்குச் சமமட்டமாக இருந்தால் இந்தத் தள்ளலைத் தடுக்க ஆடைக்கும் துணிக்கும் இடையிலான உராய்வு மட்டுமே உண்டு. வழுவழுப்பான ரெக்சினில் அது போதாது. கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பு முன்னால் நகர்கிறது. உடம்பை இப்படி இருக்கையோடு இழைத்து முன்னால் தள்ளும் விசையைச் சறுக்கு விசை என்று சொல்லலாம். படம் தொடங்கும்போது நன்றாக உட்கார்ந்திருந்தவர், இடைவேளைக்குள் பத்து செ.மீ. முன்னால் சரிந்திருப்பார். அவருடைய இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகியிருக்கும். இடுப்பெலும்பு அந்தக் குழிக்குள் உருளும். 

பரிகாரம் எளியது. முதுகு பின்னால் சாயும்போது இருக்கையின் முன்விளிம்பும் கொஞ்சம் உயர வேண்டும். அப்போது உடம்பின் எடையே அதைப் பின்னால் இழுத்து நிறுத்தும். தாத்தாவின் ஈசிசேரின் ரகசியம் இதுதான். தென்னிந்திய மலைத்தோட்ட பங்களாக்களில் துரைமார் சாய்ந்த நீளக் கை வைத்த பிரம்பு நாற்காலியைப் பாருங்கள். இருக்கையின் பின்பகுதி நன்றாகத் தாழ்ந்து, முன்பகுதி உயர்ந்து, இருக்கையும் முதுகும் ஒரே சரிவாக ஓடும். முன்னால் நீளும் கைகளின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். அதில் மெத்தை இல்லை, ஆனால் சறுக்கலும் இல்லை. அதன் குறையையும் சொல்ல வேண்டும்: அவ்வளவு தாழ்ந்த பின்பகுதியிலிருந்து எழுந்திருப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரும்பாடு. துணி போட்ட ஈசிசேரோ, துணி தொய்ந்ததும் முதுகைத் தொட்டிலாக வளைத்துவிடும். 

ரிக்லைனரின் கதையும் மரத்தில்தான் தொடங்கியது. 1928இல் அமெரிக்காவின் மன்ரோ நகரத்தில் எட்வர்ட் நபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற உறவினர் இருவர், ஆள் சாய்ந்தால் தானும் சாயும் ஒரு தாழ்வார நாற்காலியை மரச் சட்டங்களால் செய்தார்கள். மெத்தை வைத்தால் வருஷம் முழுக்க விற்கலாமே என்று ஒரு கடைக்காரர் சொன்ன பிறகுதான் மெத்தை வந்தது. லா-சி-பாய் என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. அந்த நாற்காலியின் உயிர் உடம்போடு சேர்ந்து நகரும் அதன் கீல்களில் இருந்தது. இன்று விற்பனைப் பேச்சு முழுக்க மெத்தையைப் பற்றியதாகிவிட்டது.

அந்தக் கீல்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சட்டையை வேட்டிக்குள்ளோ பேன்ட்டுக்குள்ளோ நன்றாகச் செருகிக்கொண்டு உட்காருங்கள். முழுக்கச் சாய்ந்து, மறுபடி நிமிருங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். சட்டை பிதுங்கி வெளியே வந்திருந்தால், நாற்காலியின் முதுகு சுழலும் புள்ளியும் உங்கள் இடுப்பு மூட்டு சுழலும் புள்ளியும் வெகுதூரம் விலகி இருக்கின்றன. சாயும்போது சாய்மானம் உங்கள் முதுகின் மேல் உரசி நகர்கிறது. கீழ்முதுகுக்கென்று வைத்த புடைப்பு வேறு எங்கோ போய் முட்டுகிறது. சட்டை அசையாத நாற்காலியை வடிவமைத்தவருக்கு மனித உடம்பு தெரிந்திருக்கிறது.

ஓர் அம்மாவின் அளவு

பணிச்சூழலியல் என்பது பொருளை உடம்புக்குப் பொருத்தும் கலை. எர்கோனாமிக் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இதைத்தான். ஆனால் யாருடைய உடம்புக்கு என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பல வருடம் நின்றே வேலை பார்த்த ஓர் அம்மாவுக்கு அவர் மகன் ரிக்லைனர் வாங்குவதாகக் கற்பனை செய்வோம். அம்மாவின் உயரம் 152 செ.மீ. இந்தியப் பெண்களின் சராசரி உயரமும் ஏறத்தாழ அதுவே. முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? பொதுவாக ஆளின் உயரத்தில் கால் பங்கு. அம்மாவுக்கு 38 செ.மீ. சுவரில் முதுகு ஒட்ட ஒரு பலகையில் உட்கார வைத்து, சுவரிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை தையல்காரர் டேப்பை வைத்தால் சுமார் 43 செ.மீ. வரும்.

இப்போது நாற்காலியை அளப்போம். வெளிநாட்டு அச்சில் வார்த்த ரிக்லைனரில் இருக்கையின் உயரம் 49 செ.மீ., ஆழம் 55 செ.மீ. என்று இருப்பது வழக்கம். ஷூ போட்ட உயரமான ஆளை மனதில் வைத்த அளவு அது. நம் வீட்டில் வெறுங்காலோடுதான் உட்காருகிறோம். அதிலேயே இரண்டரை செ.மீ. போய்விடுகிறது.

அம்மா அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் இருக்கையின் விளிம்பு முழங்காலைத் தாண்டி 12 செ.மீ. நீண்டிருக்கும். காலை மடக்கவே முடியாது, குழந்தையைப் போல நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மடக்க வேண்டுமானால் முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் அரைச் சாணுக்கு மேல் இடைவெளி. அந்த நிலையில் சாய்ந்தால் தோள்தான் முதலில் சாய்மானத்தைத் தொடும், இடுப்பு அந்தரத்தில் தொங்கும். கீழ்முதுகுக்கான புடைப்பு அவருக்கு விலாவுக்குப் பின்னால் முட்டும். கழுத்துக்கென்று செய்த தலையணை உச்சந்தலையைப் பிடித்து முன்னால் தள்ளும். முன்னால் நகர்ந்த பிறகும் பாதம் தரையில் பதியாது. இருக்கை விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப்போகும். இத்தனைக்கும் அந்த நாற்காலி நல்ல நாற்காலியாகவே இருக்கலாம். வேறொருவருக்கு நல்ல நாற்காலி.

அம்மாவுக்கு வேண்டிய ஆழம் என்ன? முதுகு முழுக்க ஒட்டிய பிறகு, இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அப்படியானால் 43இல் மூன்று நான்கு செ.மீ. கழித்து, 39 அல்லது 40. உயரம் அவருடைய 38ஐ ஒட்டி இருந்தால் பாதம் தரையில் பதியும்.

ஆனால் உயரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருந்தால், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது வேதனை. இருக்கை உயர உயர, எழும்போது முழங்கால் தாங்க வேண்டிய முறுக்கு வேகமாகக் குறைகிறது. கைப்பிடியை அழுத்தி எழுந்தால் பாரம் இன்னும் குறையும். ஆகவே எழுவதற்கு உயரம் நல்லது, உட்காருவதற்குத் தாழ்வு நல்லது. அம்மாவின் விஷயத்தில் நான் 41 அல்லது 42 செ.மீ. என்று முடிவு செய்வேன். கூடவே, முன்விளிம்பு வரை நீண்டு வரும், அழுத்தினால் ஆடாத கெட்டியான கைப்பிடியைக் கட்டாயம் கேட்பேன்.

எழுவதைப் பற்றி இன்னொன்று. சாதாரண நாற்காலியிலிருந்து எழும்போது நாம் யோசிக்காமலேயே குதிகாலைப் பின்னால் இழுத்து, இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுகிறோம். பெரும்பாலான ரிக்லைனர்களில் மடங்கிய கால்பலகை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பாதத்தைப் பின்னால் இழுக்க இடமே இருக்காது. முதியவர்கள் ரிக்லைனரிலிருந்து எழத் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கால்பலகை கொஞ்சம் உள்வாங்கி மடங்கும் மாதிரியைத் தேடுங்கள். எழ உதவியே வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, இருக்கையையே முன்னால் தூக்கித் தரும் மோட்டார் வகை இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண் அல்ல.

ஏற்கெனவே ஆழமான நாற்காலியை வாங்கிவிட்டவர்கள், இடுப்பிலிருந்து தோள் வரை வரும் கெட்டியான ஒரு தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கலாம். பத்து செ.மீ. தடிமன் இருந்தால் ஆழம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சும்மா கிடக்கும் நாற்காலியைப் பயன்படுத்த இது போதும்.

வீட்டில் 152 செ.மீ. அம்மாவும் 170 செ.மீ. மகனும் ஒரே நாற்காலியைப் பங்கு போட வேண்டுமென்றால்? அம்மாவின் அளவுக்கே வாங்க வேண்டும். ஆழம் குறைந்த இருக்கையில் உயரமானவர் உட்கார்ந்தால் தொடையின் முன்பகுதிக்குக் கொஞ்சம் தாங்கல் குறையும், அவ்வளவுதான். ஆழமான இருக்கையில் குட்டையானவர் உட்காரவே முடியாது. இந்திய உடம்புகளின் அளவுகளை நாடு முழுக்கத் திரட்டி, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேவ்குமார் சக்ரவர்த்தியின் நூலாக வெளியிட்டது. அளவுகள் கிடைத்து இத்தனை வருடம் ஆன பிறகும் கடைக்கு வருவது ஒரே அளவு நாற்காலி. செருப்புக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று நம்பர் கேட்கிற நாம் நாற்காலிக்கும் கேட்க வேண்டும்.

கால் வீங்குகிறவர்களுக்கு

ஆலையில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு மாலையில் கணுக்கால் வீங்குவது வழக்கம். இதயத்திலிருந்து பாதம் வரை ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்கு ரத்தம் நிற்கிறது. அதன் எடை முழுக்கப் பாதத்துச் சிரைகளை அழுத்துகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நின்றாலோ உட்கார்ந்தாலோ தள்ள ஆள் இல்லை. நீர் வெளியே கசிந்து திசுக்களில் தேங்குகிறது.

கால்பலகையின் பயன் இங்கே வருகிறது. ஆனால் இடுப்பு மட்டத்துக்குத் தூக்கினால் பாதிப் பயன்தான். பாதம் நெஞ்சு மட்டத்துக்கு வந்தால்தான் அந்த நீர் முழுதாக இறங்கும். முதுகு போதிய அளவு சாய்ந்து, கால் போதிய அளவு உயரும் நாற்காலியில்தான் இது நடக்கும். தாங்கல் குதிகாலில் மட்டும் இல்லாமல் கெண்டைக்கால் முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும், முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். சாய்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் தன் வேலையைச் செய்யும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம் வந்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ நாற்காலியை நம்பாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ரெக்சின்

பழனி மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கும் ஊர் திண்டுக்கல். பங்குனி தொடங்கிவிட்டால் மத்தியான நேரத்தில் ஹாலின் தரைகூடச் சுடும். அந்த வெக்கையில் தடித்த ஃபோம் மெத்தையில் புதைந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஃபோம் என்பது காற்றைச் சிறு சிறு குமிழ்களாக அடைத்து வைத்த பொருள். வெப்பத்தைக் கடத்தாது. முதுகின் சூடு வெளியேற வழி இல்லாமல் வேர்க்கும். மேலே ரெக்சின் போர்த்தியிருந்தால் வேர்வை ஆவியாகவும் வழி இல்லை. ஈரமான தோல் ஒட்டிக்கொண்டு, நகரும்போதெல்லாம் இழுபடும்.

உண்மையான தோல் வேறு மாதிரி. அதன் நார்ப்பின்னல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். தோல் பதனிடுவதற்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆள் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறிய தோல்கள் இங்கிருந்து கப்பல் ஏறின. ஆனால் கடையில் லெதர் என்று சொல்லப்படும் நாற்காலிகளில் பலவற்றில் உடம்பு படும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டில் ரெக்சின். சிலவற்றில் எங்குமே தோல் இல்லை; துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான். வேர்வை, ஈரம், வெப்பம் மூன்றும் சேர்ந்து அந்தப் படலத்தின் இணைப்புகளை அறுக்கும். தலை படும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஊறி, செதில் செதிலாக முதலில் உரிவது அங்கேதான். நம் வெயிலுக்கு நெருக்கமாக நெய்த பருத்தி கலந்த துணி உறையே என் தேர்வு. கழற்றித் துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ரெக்சின்தான் வாங்க முடிந்தது என்றால் மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

ஃபோமைப் பற்றிக் கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை அத்தனை கிலோ என்பதே அதன் பொருள். எண் கூடினால் மெத்தை சீக்கிரம் குழி விழாது. ஆனால் அது கெட்டியாக இருக்குமா மெத்தென்று இருக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. அது வேறு குணம். உட்கார்ந்து பார்த்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே ரொம்பவும் அமிழக்கூடாது. அடியில் பலகை இடிக்கவும் கூடாது. கடையில் சற்று கெட்டியாகத் தோன்றுவதே பெரும்பாலும் வீட்டில் நீடித்துச் சுகம் தரும்.

வீட்டுக்குள் வரும் முன்

நாற்காலி முழுக்கச் சாய்ந்தால் ஐந்தரை அடி வரை நீளும். சிலவற்றைச் சுவரிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளிப் போட வேண்டும். இருக்கை முன்னால் நகர்ந்து சாயும் வகைக்கு அரை அடி போதும். வாசல் கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். 

மோட்டார் வகையானால், காலை நீட்டிச் சாய்ந்திருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கடையிலேயே கேளுங்கள். பேட்டரி கூடவே வருகிறதா, இல்லையென்றால் இன்வெர்ட்டர் லைனில் அந்த பிளக்கைக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எழ முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

டி.வி.யின் உயரமும் நாற்காலியோடு சேர்ந்ததுதான். நம் பார்வை இயல்பாகவே சற்றுக் கீழ்நோக்கி விழும். பின்னால் சாய்ந்ததும் முகம் மேலே பார்க்கிறது. டி.வி. தாழ்ந்த மேசையில் இருந்தால் தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன கழுத்துக் கடுப்புக்குக் காரணம் அது. தலைப்பகுதி தனியாக முன்னால் மடியும் நாற்காலியாக இருக்க வேண்டும், அல்லது டி.வி.யைச் சுவரில் உயர்த்த வேண்டும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கால்பலகைக்கும் இருக்கைக்கும் நடுவே திறக்கும் இடைவெளி ஆபத்தானது. கை விரலும் தலையும்கூட அதில் மாட்டிக்கொள்ளும். அடியில் யாரும் இல்லை என்று பார்க்காமல் ஒருபோதும் மடக்காதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் மூடியே வையுங்கள். கைக்குழந்தையை அதில் தூங்க வைக்கவே கூடாது.

இவ்வளவு பொருத்தமும் அமைந்த நாற்காலியிலும் மெல்லிளக்கம் நின்றுவிடாது, மெதுவாகும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடிக்கவாவது நடந்துவிட்டு வர வேண்டும். வட்டுகள் இழந்த நீரைத் திரும்ப உறிஞ்சுவதற்கு அசைவும் பாரத்திலிருந்து ஓய்வும் வேண்டும்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாங்குகிறீர்கள் என்றால், படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். அவர்களையே கடைக்கு அழைத்துப் போங்கள். பையில் ஒரு டேப் இருக்கட்டும். பிடித்த நாற்காலியில் வெறுங்காலோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுமையாக இருங்கள். பிறகு, யாரும் கை கொடுக்காமல் அவர்கள் தாங்களாகவே எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.